வைரவர் குடியிருந்த கம் மரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வேதக்காரி. கிறிஸ்தவர்களை யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் சொல்வார்கள். மன்னார்க் கரையில் பூசை மணி கேட்டு வளர்ந்தவள். வைரவர், முனி, உச்சி வெயிலில் உலாவுகிற சங்கதிகள் எல்லாம் என் கணவரின் இலாகா. அவர் யாழ்ப்பாணத்துச் சைவம். நாங்கள் காதலித்துக் கட்டியபோது இரண்டு வீட்டிலும் செத்த வீடுதான். ஆகவே நான் சொல்லப்போவதைப் பக்தி முற்றி உளறுகிறாள் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

புலம்பெயர்ந்து இந்த நாட்டுக்கு வந்து, வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். பின்வளவு முழுக்க வீட்டுக்காரன் கொங்கிறீற் போட்டு வைத்திருந்தான். ஒரு கறிவேப்பிலைக் கன்று நட மண் கிடையாது. பின்வேலிக்கு அப்பால் ஒரு வெறுங்காணி. அரசாங்கத்துக் காணி என்று துருப்பிடித்த பலகை, முழங்கால் உயரப் புல், ஒரு பக்கம் கால்வாய், நடுவில் ஒரே ஒரு பெரிய கம் மரம், ஊரில் யூக்கலிப்டஸ் என்போமே, அந்த இனம். சுற்றிவர மாடிகள் முளைத்துக்கொண்டிருந்த இடத்தில் அது மட்டும் சும்மா கிடந்தது. ஏன் என்று கேட்டதற்கு வீடு காட்டிய ஏஜென்ட் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

வேலியில் ஒரு பலகை கழன்றிருந்தது. குடிவந்த கிழமையே அதற்குள்ளால் புகுந்து பார்க்கப் போனோம். எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் ஸ்டேஷன் அறிவிப்புக் கேட்கும். பரமற்றா ரயில் எந்த மேடைக்கு வருகிறது என்று குசினியில் நின்றபடியே சொல்லலாம். அந்த மரத்தடிக்குப் போனதும் அது நின்றுபோனது. ரயில் போவதைக் கண்ணால் கண்டோம். சத்தம் வரவில்லை.

மரத்தில் என் நெஞ்சு உயரத்தில் பட்டையில்லாத ஒரு நீள்வட்டம் இருந்தது, முழத்துக்கு மேல் நீளம். சுற்றிவரப் பட்டை உதடு போலத் தடித்து உருண்டிருந்தது. உள்ளே மரம் சாம்பல் நிறத்தில் வெறுமையாகத் தெரிந்தது. அடி உதடு மட்டும் சின்னத் தட்டாக நீட்டிக்கொண்டிருந்தது. என்னுடைய ஆள் செருப்பைக் கழற்றினார்.

"இஞ்ச ஆரோ இருக்கினம்."

"ஆர்?"

"வைரவர். வடிவாப் பாரும், மாடம் மாதிரி எல்லே இருக்கு."

"வைரவருக்கு ஆரப்பா விசா குடுத்தது?"

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் மேலேயிருந்து ஒரு குழந்தை அழுதது. இழுத்து இழுத்து, மூச்சு முட்டுகிற அழுகை. மாதாவே என்று அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். கிளையிலிருந்து ஒரு காகம் எழும்பிப் பறந்தது. இந்த நாட்டுக் காகம் பிள்ளை அழுகிற மாதிரித்தான் கத்தும் என்று பிறகு எல்லோரும் விளக்கம் சொன்னார்கள். சரி, காகம்தான். ஆனால் காகம் கண்ணுக்கு மறைந்த பிறகும் அழுகை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு காணி இருந்தால் அதன் மூலையில், ஏதாவது மரத்தடியில், வைரவரும் இருப்பார். ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். காணிக்கு அவர் காவல். கணவர் கால்வாயோரம் ஒரு கருங்கல்லைப் பொறுக்கி அந்தத் தட்டில் வைத்தார். தான் வேலை செய்கிற பட்டறையில் இரும்புக் கம்பியை ஒட்டி ஒரு சூலம் செய்துவந்து பக்கத்தில் செருகினார். வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு எரிந்தது. காட்டுத்தீ எச்சரிக்கை நாட்களில் நெருப்பு மூட்டக்கூடாது என்பதால் மலிவுக்கடையில் வாங்கிய பட்டரி மெழுகுதிரி. "உங்கட வைரவர் பட்டரியில ஓடுறார்" என்று நான் நையாண்டி பண்ணுவேன். போகப்போக அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் வரத் தொடங்கின. அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர் இருந்தார், ஊரில் காணிக் கந்தோரில், அதாவது நில அலுவலகத்தில், வேலை பார்த்தவர். வடைமாலை சாத்துவது அவருடைய பொறுப்பு. வைரவருக்கு வடைமாலை என்றால் உயிராம்.

பிறகு எனக்குப் பிள்ளை தங்கியது. ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது.

பெண்பிள்ளை. கையை விரித்து அளந்தால் ஒரு சாண் இருந்தாள். ஆஸ்பத்திரியில் நல்ல மாதிரித்தான் நடந்துகொண்டார்கள், வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு சின்னப் பெட்டியில் எங்களிடமே தந்தார்கள். கொண்டுபோய் என்ன செய்வது? குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் என்றார் கணவர். எங்கள் வழக்கமும் அதுதான். கொங்கிறீற் வளவு வீட்டுக்காரனுடையது. பெரிய மயானத்தில் முகம் தெரியாத ஆட்கள் நடுவில் அவளை விட எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே மண் வேலிக்கு அப்பால்தான் இருந்தது. யாருமில்லாத காணி, அவளை எழும்பிப் போ என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது என்று நினைத்தோம். ஒரு பின்னேரம், மழைக்கு முன்னால், மரத்தின் கிழக்குப் பக்கம் வேர் பிரிகிற இடத்தில் அவளை வைத்தோம். அவர் விபூதி போட்டார். நான் அருள்நிறை மரியே சொன்னேன், பாதியில் நின்றுபோனது. அடையாளம் ஒன்றும் வைக்கவில்லை. எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்த இடம் ஒருவருக்கும் தெரியாது.

அதற்கு அடுத்த வெள்ளிக்குப் பிறகுதான் தொடங்கியது. சனிக்கிழமை காலை போனேன். அங்கிள் சூலத்தில் மாட்டிவிட்டுப் போன வடைமாலை சூலத்தில் இல்லை. கிழக்குப் பக்கத்தில், என் பிள்ளைக்கு மேலே, நிலத்தில் வட்டமாகக் கிடந்தது. ஒரு வடைகூடக் கடிபட்டிருக்கவில்லை. காகமும் இரவில் மரமேறித் திரிகிற பொசமும் விட்டுவைக்கிற இடமா அது? எறும்புகூட ஊரவில்லை. அடுத்த கிழமையும் அப்படித்தான், அதற்கடுத்த கிழமையும். ஒருநாள் சூலம் எங்கள் வேலியில், எங்கள் பக்கத்தில், பத்திரமாகச் சாத்தப்பட்டு நின்றது.

"பெடியளின்ர சேட்டை, பிள்ளை" என்றார் அங்கிள்.

எந்தப் பெடியனுக்கு அந்த இடம் தெரியும்? நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போது நான் லீவில் வீட்டில் நின்ற காலம். உச்சி வெயிலில் கொங்கிறீற்றில் நின்று உடுப்புக் காயப்போடும்போது அழுகை கேட்கும். கேட்டதும் மார்பு கடுக்கும். குடிக்கப் பிள்ளையில்லாவிட்டாலும் பால் வந்துவிட்டிருந்தது, உடம்புக்கு அதெல்லாம் எங்கே விளங்குகிறது? கிளிப்பை வாயில் கடித்தபடியே பலகைக்குள்ளால் புகுந்து ஓடுவேன். சில நாள் காகம் இருக்கும். சில நாள் ஒன்றும் இருக்காது, கிழக்குப் பக்கத்துப் புல் மட்டும் ஆரோ இப்போதுதான் இருந்துவிட்டு எழும்பின மாதிரி அமிழ்ந்திருக்கும். பயந்தேனா? ஓம், நடுங்கினேன். ஆனால் அடுத்த நாளும் உச்சிக்கு முன்னமே உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். காய்ந்த உடுப்பையே திரும்ப நனைத்துப் போட்ட நாட்களும் உண்டு. அவள் என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நம்பினேன்.

இப்படியிருக்கத்தான் அந்தச் செய்தி வந்தது. இந்த நிலத்து ஆதிக்குடிகளின் காணிச் சபை அந்தக் காணிக்கு உரிமை கோரியிருக்கிறதாம். அரசாங்கக் காணி எவருடைய பாவனையிலும் இல்லாமல், பொதுத் தேவை ஒன்றுக்கும் வேண்டப்படாமல் கிடந்தால், இந்த மாநிலத்தில் அவர்கள் அதைத் திருப்பிக் கேட்கலாம். திணைக்களத்திலிருந்து ஆள் வந்து பார்க்கப்போகிறார் என்றார்கள். அங்கிள் உடனே எங்கள் கார்க் கொட்டிலில் கூட்டம் போட்டார். காணிக் கந்தோர் மூளை சும்மா இருக்குமா?

"காணி சும்மா கிடக்கேல்ல, பாவனையில கிடக்கு எண்டு காட்டினாச் சரி. நாங்கள் கும்பிடுற இடம். இப்பவே கெதியா ஒரு தகரக் கொட்டிலப் போட்டிடுவம். சாமி இருக்கிற இடத்தில ஆர் கை வைக்கிறது?"

ஆட்களுக்கு மாடி எழும்பினால் வெயில் மறைந்துவிடும் என்ற கவலை. கார் நிறுத்த இடம் போய்விடும் என்ற கவலை. கணவர் எந்தக் கடையில் தகரம் நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய காரணம் எனக்குத் தெரியும். என்னுடையதும் அதுதான். மெஷின் வந்து கிண்டினால் என் பிள்ளை மண்ணோடு மண்ணாக லொறியில் ஏறிப் போய்விடுவாள். அதை மறிக்க வைரவர் என்ன, புத்தரைக் கொண்டுவந்து இருத்தச் சொன்னாலும் இருத்தியிருப்பேன். அப்படி நினைத்த மாத்திரத்தில்தான் எனக்கு மண்டையில் உறைத்தது.

கணவரின் தகப்பனாருடைய காணி வடக்கில் ஆமி பிடித்து வேலியடைத்த காணிகளில் ஒன்று. சண்டை முடிந்து எத்தனை காலமாகியும் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது அதில் ஒரு புத்த விகாரை நிற்கிறது. ஊர்ச்சனம் வீதியில் இருந்து மறியல் செய்கிற காணொளிகளை இவர் சாப்பாட்டு மேசையில் போனைச் சாத்திவைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சோறு இறங்காமல் எழும்புவார். "ஆற்றயோ காணியில தங்கட சாமியக் கொண்டுவந்து வச்சிட்டு, கும்பிடுற இடமெண்டு கதை சொல்லுறாங்கள்" என்று அவர் பொரிந்து தள்ளாத கிழமை இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு குசினியில் என் வாய் முந்திவிட்டது.

"இஞ்சாருங்கோ, தகரம் வாங்க முதல் ஒண்டு கேக்கட்டே?"

"கேளும்."

"மாமான்ர காணியில விகாரை கட்டினவங்களும் முதல்ல ஒரு கொட்டில்தானே போட்டவங்கள்?"

கதிரையில் இருந்தவர் நிமிர்ந்தார். "அதுவும் இதுவும் ஒண்டே? இஞ்ச ஆற்ற காணி? ஒருத்தற்றையும் இல்ல."

"அங்கயும் அப்பிடித்தானே சொன்னவங்கள்."

"பிள்ளை அங்க கிடக்கு. நீர் அத மறந்துபோய்க் கதைக்கிறீர்."

நான் மறந்தேனாம்! கையிலிருந்த அகப்பையைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டேன். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. தகரமும் வாங்கவில்லை. ஆனால் வாங்கமாட்டேன் என்றும் அவர் சொல்லவில்லை.

திணைக்களத்து ஆள் வந்தது நல்ல உச்சி நேரத்தில். வெயில் தொப்பி போட்ட இளம் வெள்ளைக்காரர். அவரோடு காணிச் சபையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார், அறுபது வயதிருக்கும், கத்தரிப்பூ நிறத்தில் ஓட்டப் பயிற்சிச் சப்பாத்து, தோளில் தண்ணீர்ப் போத்தல். அந்த இளைஞர் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டார். நாங்கள் மட்டும்தான் கண்டவர் நின்றவரையெல்லாம் அன்ரி ஆக்குவோம் என்று நினைத்திருந்தேன். அன்ரி நேரே மரத்தடிக்குப் போனார். ஆனால் கிழக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சுற்று விலகி நடந்தார். அதை நான் கண்டேன். மரத்தில் கை வைத்தார், விளக்குப் புகையில் கறுத்துப்போயிருந்த உதட்டை விரலால் தேய்த்தார், விரலைப் பார்த்தார்.

"இந்த இடத்தை என்னத்துக்குப் பாவிக்கிறீங்கள்?" என்று இளைஞர் கேட்டார். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது, என் வாய்க்கு வருகிற தமிழில் சொல்கிறேன்.

அங்கிள் முந்திக்கொண்டார். கோயில், வெள்ளிக்கிழமை, சமூகம், பிள்ளைகளின் கலாசாரம் என்று அடுக்கினார்.

"அனுமதி ஆர் தந்தது?"

அங்கிள் கணவரைப் பார்த்தார். கணவர் மரத்தில் அந்தப் புகைக் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரியின் பக்கம் திரும்பி, "மரத்தில இது என்ன வெட்டு?" என்று கேட்டார்.

"பட்டை எடுத்த இடம்" என்றார் அன்ரி. "கல்லுக் கோடாலியால வெட்டி, உரிச்சு, நெருப்பில வாட்டி வளைச்சு, தொட்டி மாதிரி ஒண்டு செய்வினம்."

"என்னத்துக்கு?"

"பச்சைப் பிள்ளையக் கிடத்தி ஏந்திக்கொண்டு திரியிறதுக்கு."

நான் அந்த நீள்வட்டத்தைப் பார்த்தேன். எத்தனை வெள்ளிக்கிழமை அதற்கு முன்னால் நின்றிருப்பேன்! அதன் நீளமும் அகலமும் பிள்ளை அளவு என்று எனக்குப் படவேயில்லை. கணவர் கையை நீட்டிக் கல்லை எடுத்தார், வயிற்றோடு அணைத்துக்கொண்டார். மற்றக் கையால் சூலத்தை உருவினார்.

"நாங்கள் பாவிக்கிறேல்ல" என்றார் இளைஞரிடம். "இது எங்கட இடமில்ல. அவையிட இடம்."

"விசரே உனக்கு?" என்று அங்கிள் தமிழில் கத்தினார்.

கணவர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. குசினியில் இந்தக் கதையைத் தொடங்கியவளே நான்தான். ஆனாலும் அவர் அதைச் சொன்னபோது, என் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்றுதான் முதலில் நினைத்தேன்.

இளைஞர் கால்வாய்ப் பக்கம் எல்லையைப் பார்க்கப் போனார். அங்கிள் புறுபுறுத்துக்கொண்டே பின்னால் போனார். கணவர் கல்லும் சூலமுமாக வேலியடியில் நின்றார். மரத்தடியில் நானும் அன்ரியும்.

"அந்த இரும்ப ஒருக்கா உங்கட வேலியில சாத்தினது நான்தான்" என்றார் அவர். "காலமயில இஞ்சால நடக்கிறனான். மரத்த அது தின்னுது. கோவிக்காத."

"மாலைய நிலத்தில வச்சதும் நீங்கள்தானே?"

"இல்லையே. நான் வரேக்க அது அங்கதான் கிடக்கும். நீங்கள்தான் வைக்கிறியள், ஆரையோ அங்க விட்டிருக்கிறியள் எண்டு நினைச்சன். அதாலதான் மிதிக்காமச் சுத்திப் போறனான்."

அந்த நேரம் பார்த்து அழுகை கேட்டது. மேலே காகம் இல்லை, கிளைகள் வெறுமையாக இருந்தன. கால்வாயடியில் நின்றவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. நான் திரும்பினேன். அன்ரியும் திரும்பினார்.

"உங்களுக்கும் கேக்குதா?"

"ஓம்."

கொட்டிவிட்டேன் எல்லாவற்றையும். பெட்டி, வேர், விபூதி, பாதியில் நின்ற மன்றாட்டு. "என்ர பிள்ளைதான் அழுகுது. என்னத்தான் கூப்பிடுது" என்றேன்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு கேட்டார், "பிறக்கேக்க அழுததோ உன்ர பிள்ளை?"

அதை என்னிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை.

"இல்ல. அழவேயில்ல."

"அப்ப இது எங்கட பிள்ளையள்" என்றார். "என்ர அம்மா இந்த மரத்தடியிலதான் பிறந்தவ. கால்வாய் அப்ப ஆறு. கவுன்சில் வந்து கலைக்கும்வரைக்கும் எங்கட ஆக்கள் இஞ்சதான் இருந்தவை. அம்மாவுக்கு முதலும் எத்தினயோ பேர் இஞ்ச பிறந்திருக்கினம். அழுகையக் கேட்டாச் சனம் சாவெண்டு பயப்பிடுது. இது பிறந்ததுகளின்ர சத்தம்."

எனக்கு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் பொய். இத்தனை நாளும் அவள் குரல் என்று நம்பி ஓடியிருக்கிறேன். அவளுக்குக் குரலே இருந்ததில்லை. புல்லில் குந்தியிருந்து, ஆஸ்பத்திரியில் அழாத அழுகையெல்லாம் அழுதேன். அன்ரி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து பக்கத்தில் வைத்தார்.

"உங்களுக்குக் காணி கிடைச்சா இஞ்ச என்ன செய்வியள்?" என்று கடைசியில் கேட்டேன்.

"வீடு கட்டுவம். பொய் சொல்ல மாட்டன். எங்கட சனத்துக்கும் இருக்க வீடு வேணும்."

"மரத்தடி?"

"அம்மான்ர மரத்தடிய ஆர் கிண்டுவினம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். போகும்போது, "வர விருப்பமெண்டா வா. சும்மா உள்ள பூராத, கேட்டுப்போட்டு வா" என்றார்.

கோரிக்கை இன்னும் முடிவாகவில்லை. இவையெல்லாம் வருடக்கணக்கில் இழுபடுமாம். அங்கிள் எங்களோடு கதைப்பதில்லை, போனால் போகட்டும். வைரவர் எங்கள் குசினித் தட்டில் என் அந்தோனியார் சிலைக்குப் பக்கத்தில் இருக்கிறார், இரண்டு பேரும் ஒரே மெழுகுதிரியில் சமாளிக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் கழன்ற பலகையடியில் நின்று "வரட்டோ?" என்று தமிழிலேயே கேட்கிறேன். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நின்றுதான் புகுவேன். கோரிக்கை அவர்களுக்கே கிடைக்க வேண்டும் என்று இப்போது மெய்யாகவே மன்றாடுகிறேன். மரத்தடியைக் காக்க எனக்குத் தெரிந்த ஆட்கள் அவர்கள்தான்.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை அப்படிப் போனபோது, கிழக்குப் பக்கத்தில் ஒரு பட்டை கிடந்தது. முழத்துக்கு மேல் நீளம். இரண்டு பக்கமும் உள்ளே வளைந்து, தொட்டியாக மல்லாந்து, சரியாக அவளுக்கு மேலே. உள்ளே காய்ந்த புல் பரப்பியிருந்தது. தொடாமல் நின்று அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

"நீங்களே வச்சனீங்கள்?"

"நான் மகளிட்ட வந்திருக்கிறன், மெல்பேர்ணில. இப்ப மரம் பட்டை கழட்டுற காலம்தானே, விழுந்திருக்கும்."

"உள்ளுக்குப் புல்லுப் போட்டிருக்கு அன்ரி."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார், "எடுத்தனியே?"

"இல்ல."

"எடுக்காத. அது உனக்கு வச்சதில்ல."

போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். புல்லின் நடுவில், ஏதோ கிடந்த மாதிரி, ஒரு அமிழ்வு இருந்தது. தொடாமல் மேலே கையை விரித்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரு சாண் இருந்தது.